பிராந்தையும் களவாண்டு போவார்களா?

மாமா வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த சமயம். கன்னியாகுமரி மாவட்டம் தக்கலைப் பக்கம் அம்மாச்சி வீட்டு முற்றத்தில் ஒரு கோழி ஏழெட்டுக் குஞ்சுகளோடு கிளறிக்கொண்டிருந்தது. தென்னைக்கு மேலே வட்டம் போட்டுக்கொண்டிருந்த பிராந்து ஒன்று சடாரென்று இறங்கி ஒரு குஞ்சைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. அம்மாச்சி கையிலிருந்த வாரியலை அதன் பின்னால் வீசி, "களவாணி, எங்குஞ்சைக் கொண்டு போயிட்டே" என்று கத்த, மாமாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "இங்க பிராந்து களவாங்குது. அங்க பிராந்தை எவனும் களவாண்டுட்டுப் போயிரப்பிடாதுன்னுதான் எனக்குச் சம்பளமே" என்றார்.

(பிராந்து என்று நாங்கள் சொல்வது பருந்தைத்தான். களியக்காவிளை தாண்டிக் கேரளத்துக்குள் போய் இதே சொல்லைச் சொன்னால் பைத்தியம் என்று எடுத்துக்கொள்வார்கள், கவனம்.)

மாமாவுக்கு வேலை ஒரு பண்ணையில். முதலாளி வேட்டைக்கும் பந்தயத்துக்கும் வல்லூறு வளர்க்கிறவர். தீனி வைப்பது, எடை பார்ப்பது, குளிக்கத் தண்ணீர் வைப்பது, உடம்பு சரியில்லை என்றால் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போவது எல்லாம் மாமா. அவர் சொன்னதையும் அதற்கப்புறம் நானாகத் தேடிப் படித்ததையும் சேர்த்து, வல்லூறு களவு என்று ஒரு விஷயம் இருப்பதே தெரியாதவர்களுக்காக இதை எழுதுகிறேன். எனக்கு வல்லூறு வளர்த்த அனுபவம் கிடையாது. மாடியில் ஹோமர் என்ற பந்தயப் புறா வளர்க்கிறேன், அவ்வளவுதான். அந்த வகையில் வல்லூறு எனக்கு எதிர்க்கட்சி.

முதலில் பெயர்க் குழப்பம். நம் ஊர்ச் செய்திகளில் கொக்கி மூக்கோடு எது வந்தாலும் கழுகு என்று போட்டுவிடுவார்கள். கோழிக்குஞ்சு தூக்கியது பருந்து. அது செத்த மீனையும் தின்னும், குப்பை மேட்டிலும் உட்காரும். ரப்பர் தோட்டத்தில் ஓணானுக்கும் அணிலுக்கும் பதுங்கிக் காத்திருக்கும் சின்னப் பறவை வைரி. வல்லூறு தனி ரகம்: நீண்டு கூர்ந்த இறக்கை, கறுத்த கண், பறந்துபோகும் பறவையை வானத்திலேயே அடித்துப் பிடிக்கும் வித்தை. அதில் பொரி வல்லூறு மேலிருந்து பாயும்போது மணிக்கு 300 கிலோமீட்டரையும் தாண்டும், அதைவிட வேகமான உயிரினம் பூமியில் கிடையாது. அரபு நாட்டுக்காரர்கள் பொரி வல்லூறை ஷாஹீன் என்பார்கள், சேக்கர் வல்லூறை ஹுர் என்பார்கள், வடதுருவப் பக்கத்திலிருந்து வரும் மிகப் பெரிய, சில சமயம் முழு வெள்ளையாகவே இருக்கும் வல்லூறை ஜிர் என்பார்கள். கோடிக்கணக்கில் விலை போவது இந்தக் கடைசி ஆள்தான்.

இந்தப் பறவைகளைப் பழக்கி நமக்காக வேட்டையாட வைப்பதுதான் வல்லூறு வேட்டை. மத்திய ஆசியா, அரபு நாடுகள், ஐரோப்பா என்று பல நூற்றாண்டுகளாக நடந்துவரும் காரியம். இந்தியாவிலும் மொகலாயர்களும் ராஜபுத்திரர்களும் செய்தார்கள், குஜராத்தின் பவநகர் அரச குடும்பத்தில் போன நூற்றாண்டு வரைக்கும் இருந்தது. சின்னக் கம்பிக் கூண்டுக்குள் எலியையோ குருவியையோ உயிரோடு வைத்து, கூண்டின் மேல் முழுக்கச் சுருக்குக் கண்ணி கட்டி வல்லூறு பிடிக்கும் பொறிக்கு இன்றைக்கும் உலகம் முழுக்கப் பறவை ஆராய்ச்சிக்காரர்கள் சொல்லும் பெயர் 'பால் சத்ரி'. நம் வடநாட்டு வேட்டைக்காரர்கள் வைத்த பெயர் அது. 2010-ல் யுனெஸ்கோ வல்லூறு வேட்டையை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபு என்று பட்டியலில் சேர்த்தது, 2021-க்குள் அந்தப் பதிவில் 24 நாடுகள் சேர்ந்துவிட்டன. இந்தியா அதில் இல்லை. அதற்குக் கொஞ்சம் பொறுங்கள்.

வல்லூறு நாய் மாதிரி இல்லை. வாலாட்டாது, எஜமானைத் தேடாது. அது கைக்குத் திரும்பி வருவதற்கு ஒரே காரணம், அங்கே கறி கிடைக்கும் என்று அதற்குத் தெரிந்திருப்பது. அதனால் இந்தத் தொழிலின் சூட்சுமமே தராசில்தான் இருக்கிறது. பொரி வல்லூறில் பெட்டை ஏறக்குறைய ஒரு கிலோ இருக்கும், சேவல் அதில் மூன்றில் ஒரு பங்கு குறைவு (ஆமாம், பெட்டைதான் பெரிது, மவுசும் அதற்குத்தான்). மாமா தினமும் காலையில் ஒவ்வொன்றையும் நிறுத்து நோட்டில் எழுதுவார். எடை கொஞ்சம் கூடிவிட்டால் அதற்குப் பசி இருக்காது, அவிழ்த்துவிட்டால் எங்கேயாவது மரத்தில் போய் உட்கார்ந்துகொண்டு நம்மைத் திரும்பியும் பார்க்காது. கொஞ்சம் குறைந்துவிட்டால் உயிருக்கே கேடு. ஒவ்வொரு பறவைக்கும் ஒரு கணக்கு, அதுவும் வெயிலுக்கும் குளிருக்கும் மாறும். திருடனுக்கு இந்த நோட்டு கிடைப்பதில்லை என்பதை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

சாமான்கள் கொஞ்சம்தான். காலில் இரண்டு தோல் வார், அதோடு சேரும் கயிறு, கண்ணை மறைக்க ஒரு தோல் முகமூடி, உட்கார ஒரு தாங்கி, அப்புறம் வளர்ப்பவர் கையில் மாட்டும் தடித்த துணி உறை. அந்த உறைக்கு அரபியில் மங்களா என்று பெயர். "காலையில எந்திரிச்சதும் மங்களாவைக் கையில எடுத்தாத்தான் அன்னைக்கு வேலையே ஓடும்" என்று மாமா சாதாரணமாகச் சொல்லப்போய், உள்ளே இருந்து அம்மாச்சி, "எவளுலே அந்த மங்களா?" என்று வெளியே வந்துவிட்டாள். அதை விளக்கிச் சொல்லி அவளைச் சமாதானப்படுத்த அரை மணி நேரம் ஆனது.

முகமூடியையும் கவனியுங்கள். கண்ணை மூடிவிட்டால் வல்லூறு சிலை மாதிரி உட்கார்ந்துவிடும், கத்தாது, அடித்துக்கொள்ளாது. விமானத்தில் ஆட்களோடு பக்கத்து இருக்கையில் கொண்டுபோகிறார்களே, அது இப்படித்தான். ஒரு கிலோ எடை, சத்தம் கிடையாது, மனுஷர் கைக்குப் பழக்கம், மூடியதும் அடங்கிவிடும். திருடன் கண்ணால் பார்த்தால் இதைவிட வசதியான பொருள் எது? மாடு திருட வண்டி வேண்டும், நகை திருட பீரோவை உடைக்க வேண்டும்.

விலை எவ்வளவு என்று கேட்பீர்கள். ஹாரிஸ் பருந்து என்று ஒன்று உண்டு, பிரிட்டனில் ரொம்பப் பரவலாக வளர்க்கிறார்கள், நல்ல ஒரு கைப்பேசி வாங்கும் காசில் அது கிடைத்துவிடும். மறுபக்கம், 2021 ஆகஸ்டில் சவூதியில் ரியாத் அருகே நடந்த ஏலத்தில் ஒரு வெள்ளை ஜிர் வல்லூறு 17.5 லட்சம் ரியாலுக்குப் போனது. அன்றைய கணக்கில் நம் காசு மூன்றரைக் கோடிக்குப் பக்கம். நடுவில் எல்லா விலையிலும் பறவை உண்டு. நல்ல பரம்பரை, பந்தயத்தில் ஜெயித்தது, நிறம், உயரம், இறக்கை முழுசாக இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்து விலை ஏறும். ஒரு சிறகு முறிந்திருந்தால்கூடக் குறைந்துவிடும். பழைய சிறகை ஒட்டவைத்துச் சரிசெய்ய ஒரு கைவேலை உண்டு, அது வேறு கதை.

இப்போதெல்லாம் விற்பனைக்கு வருவதில் பெரும்பகுதி பண்ணையில் பொரித்தவை. 1950-களிலும் 60-களிலும் டி.டி.டி. பூச்சிமருந்தால் முட்டை ஓடு மெலிந்து அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பொரி வல்லூறு கிட்டத்தட்ட அற்றுப்போகிற நிலை வந்தது. அப்போது அதைக் காப்பாற்ற இறங்கியவர்களில் முக்கியமானவர்கள் வல்லூறு வேட்டைக்காரர்கள்தான். டாம் கேட் என்ற பேராசிரியர், அவரும் வல்லூறு வளர்ப்பவர், 1970-ல் ஓர் அமைப்பைத் தொடங்கி, கூண்டில் ஜோடி சேர்த்துப் பொரிக்கவைத்து, ஆயிரக்கணக்கில் காட்டில் விட்டார்கள். 1999-ல் அமெரிக்கா அந்தப் பறவையை அழிவாபத்துப் பட்டியலிலிருந்து எடுத்தது. அன்று கற்ற வித்தைதான் இன்றைக்கு வியாபாரப் பண்ணைகளுக்கும் அடிப்படை. ஒரு பண்ணையில் பொரிக்கும் ஜோடி களவு போனால் போவது இரண்டு பறவை மட்டும் இல்லை, பல வருடம் பார்த்துப் பார்த்துச் சேர்த்த வம்சம்.

சரி, எப்படித் திருடுகிறார்கள்?

நேரடியான வழி இரவில் கூண்டுக்கம்பியை வெட்டுவது. வல்லூறுக்கு வெயிலும் காற்றும் வேண்டும், பூட்டிய அறைக்குள் வருடம் முழுக்க வைக்க முடியாது, ஆகவே தோட்டத்துக் கோடியில் கம்பிவலை போட்ட கூண்டாகத்தான் பெரும்பாலும் இருக்கும். கூண்டு எங்கே இருக்கிறது, எந்தக் கூண்டில் எது என்று தெரிந்தவன்தான் வருவான். பழைய வேலையாள், பறவை வாங்குகிற மாதிரி வந்து சுற்றிப் பார்த்துப் போனவன், அல்லது வளர்ப்பவரே பெருமைக்குப் போட்ட படத்தில் பின்னால் தெரிந்த வாட்டர் டேங்கை வைத்து இடம் கண்டுபிடித்தவன். மாமாவின் பண்ணையில் கைப்பேசியில் படம் எடுப்பதற்கே தடை. முதலில் எனக்கு அது பணக்காரத் திமிராகத் தோன்றியது, இப்போது இல்லை.

இன்னொரு வழியில் திருடன் வீட்டுக்கே வரவேண்டாம், பறவையே அவனிடம் போகும். பறக்கவிட்ட வல்லூறு இரையைத் துரத்திக்கொண்டு கிலோமீட்டர் கணக்கில் போய்விடும். அதைத் தேடிப் பிடிக்கத்தான் காலிலோ வாலிலோ முதுகிலோ சின்ன டிரான்ஸ்மிட்டர் கட்டுகிறார்கள், முன்பு ரேடியோ, இப்போது ஜி.பி.எஸ். பறவை எங்கேயோ ஒரு தோட்டத்தில் போய் இறங்குகிறது. அங்கே இருப்பவன் நல்லவன் என்றால் கூப்பிட்டுச் சொல்வான். இல்லை என்றால் டிரான்ஸ்மிட்டரை வெட்டி எறிந்துவிட்டு, "தானா வந்தது, எனக்கென்ன" என்று கூண்டில் போட்டுக்கொள்வான். புறாக்காரர்களுக்கு இது நன்றாகப் புரியும். பந்தயத்துக்கு விட்ட புறா களைத்துப்போய் வேறொருவன் மாடியில் இறங்கி, அவன் தானியம் போட்டு உள்ளே வாங்கிக் கதவைச் சாத்திவிட்டால், அதைத் திருட்டு என்று அவன் ஒப்புக்கொள்ளவே மாட்டான். எனக்கே இரண்டு புறா அப்படிப் போயிருக்கிறது. யார் மாடி என்றும் தெரியும். கேட்டால் சண்டை.

காசுக்காக இல்லாமல் கூண்டைத் திறந்துவிடுகிறவர்களும் உண்டு, பறவைக்கு விடுதலை கொடுக்கிறோம் என்ற நினைப்பில். நல்ல எண்ணம்தான், ஆனால் காலில் வாரும் கயிறுமாகப் பறந்துபோகும் வல்லூறு மரக்கிளையில் அந்தக் கயிறு சிக்கித் தலைகீழாகத் தொங்கிச் சாகும். அல்லது இரண்டு இனங்களைக் கலந்து பண்ணையில் பொரித்த கலப்பினமாக இருக்கும், அது இயற்கையில் எங்கும் இல்லாத பறவை, அதை எந்தக் காட்டில் விடுவது?

திருடனிடம் போன பறவையின் கதியும் ஏறக்குறைய இதுதான். எடை நோட்டு அவனிடம் இல்லை. எத்தனை கிராம் கறி, எந்தக் கறி, எப்போது என்று தெரியாது. கோழிக் கூண்டில் அடைப்பான், கம்பியில் மோதி வாலும் இறக்கையும் உடையும். சரியில்லாத இடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து பாதம் வீங்கிப் புண் வைக்கும். பயத்திலும் புழுக்கத்திலும் நுரையீரலில் பூஞ்சை பிடிக்கும். அபுதாபியில் வல்லூறுகளுக்கென்றே 1999 முதல் ஒரு பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது, அங்கே காத்திருக்கும் அறையில் முகமூடி போட்டு வரிசையாக உட்காரவைத்திருப்பார்களாம், நம் ஆஸ்பத்திரி ஓ.பி. மாதிரி. ஆனால் களவாண்ட பறவையை அங்கே கொண்டுபோக முடியாது, எண்ணைப் பார்ப்பார்கள். ஆகவே வைத்தியமும் இல்லை.

எண் என்றேன். இந்த விஷயத்தின் உயிரே அதுதான்.

ஒரு வல்லூறு இன்னொரு வல்லூறு மாதிரியே இருக்கும். என் பறவை இது என்று ஒருவர் கையைக் காட்டிச் சொன்னால் போலீஸ் எப்படி நம்பும்? அதற்குத்தான் மூடிய வளையம். மூடிய என்றால் பிளவு இல்லாத முழு வட்டம். குஞ்சு பொரித்து முதல் இரண்டு வாரத்துக்குள், பாதம் இன்னும் சின்னதாக இருக்கும்போது விரல்களைச் சேர்த்துப் பிடித்து உள்ளே நுழைத்துவிடுவார்கள். அப்புறம் பாதம் வளர்ந்துவிடும், வளையத்தைக் கழற்றவும் முடியாது, வளர்ந்த பறவைக்குப் புதிதாக மாட்டவும் முடியாது. ஆகவே மூடிய வளையம் இருந்தால், அந்தப் பறவை குஞ்சாக இருந்தபோதே மனுஷன் கையில் இருந்திருக்கிறது என்று அர்த்தம். புறாவுக்கும் இதே முறைதான், எங்கள் ஊர்ப் பையன்கள் ரிங் என்பார்கள். வளையத்தைத் தப்பாகப் படித்தாலும் சிக்கல். 2023-ல் மும்பையில் ஒரு புறா காலில் வளையத்தோடு, இறக்கையில் ஏதோ எழுத்தோடு பிடிபட, சீன உளவாளி என்று எட்டு மாதம் அடைத்து வைத்துவிட்டார்கள். கடைசியில் பார்த்தால் தைவான் பந்தயப் புறா, 2024 ஜனவரி கடைசியில்தான் விட்டார்கள்.

வளையத்தை வெட்டி எடுக்கலாம். அதனால் தோலுக்குள் சிப். அரிசி மணி அளவு, உள்ளே 15 இலக்க எண். இங்கே நிறையப் பேருக்கு ஒரு தப்பபிப்பிராயம் உண்டு, எனக்கும் இருந்தது: சிப் வைத்தால் பறவை எங்கே இருக்கிறது என்று மேப்பில் தெரியும் என்று. தெரியாது. அதில் பேட்டரியே இல்லை. படிக்கும் கருவியைப் பறவையின் நெஞ்சுப் பக்கம் ஒட்டினாற்போலக் கொண்டுபோனால் எண்ணைக் காட்டும், அவ்வளவுதான். எங்கே இருக்கிறது என்று சொல்வது டிரான்ஸ்மிட்டர், யாருடையது என்று சொல்வது சிப். திருடன் முதலில் வெட்டுவது டிரான்ஸ்மிட்டரை.

இதற்கும் மேலே டி.என்.ஏ. வல்லூறு வருடம் ஒருமுறை சிறகு உதிர்க்கும். விவரமான வளர்ப்பாளர்கள் உதிர்ந்த சிறகைப் பறவையின் எண் எழுதிய உறையில் போட்டு வைத்துக்கொள்வார்கள். சிறகின் அடித்தண்டில் இருக்கும் துளி உயிரணு போதும், காணாமல்போன பறவை பிற்பாடு எங்கேயாவது வேறு வளையத்தோடு அகப்பட்டால் ஒப்பிட்டுச் சொல்லிவிடலாம். மாமா குப்பை என்று நினைத்துக் கூட்டி எறியப்போய் முதல் மாதமே திட்டு வாங்கியது இந்தச் சிறகுகளுக்காகத்தான்.

கடைசியாகக் காகிதம். ஐக்கிய அரபு அமீரகத்தில் 2002 முதல் வல்லூறுக்குப் பாஸ்போர்ட் உண்டு. விளையாட்டுக்குச் சொல்லவில்லை, எல்லை தாண்டி வேட்டைக்குக் கொண்டுபோக வல்லூறின் வளைய எண்ணோ சிப் எண்ணோ போட்ட சிறு புத்தகம், மூன்று வருடம் செல்லும். மாமாவின் பாஸ்போர்ட்டும் பறவைகளின் பாஸ்போர்ட்டும் முதலாளி வீட்டு ஒரே பெட்டியில்தான் இருக்கின்றன. பறவைகளுடையது அடிக்கடி வெளியே எடுக்கப்படும் என்றார்.

இந்தக் காகிதங்களுக்குப் பின்னால் இருப்பது சைட்டிஸ் என்ற சர்வதேச ஒப்பந்தம், அழியும் ஆபத்தில் உள்ள உயிரினங்களின் வியாபாரத்தைக் கட்டுப்படுத்துவது. 1975-ல் நடைமுறைக்கு வந்தது, இந்தியா 1976-ல் சேர்ந்தது. பொரி வல்லூறும் ஜிர் வல்லூறும் அதன் மிகக் கடுமையான முதல் பட்டியலில் இருக்கின்றன, சேக்கர் இரண்டாவதில். அனுமதிச் சீட்டில் பறவை எங்கிருந்து வந்தது என்பதற்கு ஓர் எழுத்து போடுவார்கள்: காட்டில் பிடித்தது என்றால் டபிள்யூ, கூண்டில் பொரித்தது என்றால் சி, முதல் பட்டியல் இனத்தை வியாபாரத்துக்காகவே பொரித்திருந்தால் டி. டபிள்யூ என்று இருந்தால் முதல் பட்டியல் பறவையை வியாபாரத்துக்குக் கொண்டுபோகவே முடியாது. இந்த ஓர் எழுத்தை மாற்றத்தான் அத்தனை தில்லுமுல்லும்.

எப்படி என்றால், மலைப்பாறைக் கூட்டிலிருந்து குஞ்சையோ முட்டையையோ எடுத்துவந்து, வளையம் நுழையும் வயதிலேயே மாட்டிவிட்டு, "என் பண்ணை ஜோடி பொரித்தது" என்று எழுதிவிடுவது. வெளியே பார்க்க எல்லாம் சரியாக இருக்கும். 2021-ல் ஸ்காட்லாந்து எல்லைப்புறத்தில் கூடுகளிலிருந்து குஞ்சுகள் காணாமல்போக, போலீஸ் ஒரு வீட்டில் 20-க்கும் மேற்பட்ட பொரி வல்லூறுகளைப் பிடித்து டி.என்.ஏ. பார்த்தது. பெற்றோர் என்று காட்டிய பறவைகளுக்கும் குஞ்சுகள் பலவற்றுக்கும் உறவே இல்லை, சில காட்டுக் கூடுகளோடுதான் பொருந்தின. அப்பாவும் மகனும் குற்றத்தை ஒப்புக்கொண்டு 2024-ல் தண்டனை வாங்கினார்கள். அதற்கு முன்னால் 2010-ல் பர்மிங்ஹாம் விமான நிலையத்தில் ஒருவன் 14 பொரி வல்லூறு முட்டைகளை உடம்போடு சேர்த்துக் கட்டி, அடைகாக்கிற மாதிரி, துபாய் விமானத்துக்குக் காத்திருந்து பிடிபட்டான். குளியலறையில் இவன் ரொம்ப நேரம் இருந்துவிட்டுக் குளிக்காமலே வந்ததைத் துப்புரவுத் தொழிலாளி கவனித்துச் சொன்னதால் அகப்பட்டவன். நம் பக்கத்திலும் இல்லாமல் இல்லை: 2020 அக்டோபரில் கராச்சியில் 70-க்கும் மேற்பட்ட வல்லூறுகளைக் கடத்தல்காரர்களிடமிருந்து சுங்கத்துறை மீட்டது, குளிர்கால வலசையில் வந்தவற்றை வலைபோட்டுப் பிடித்தது.

இதைப் பார்த்ததும் எனக்குத் தோன்றியது, கூண்டிலிருந்து போனாலும் கூட்டிலிருந்து போனாலும் திருட்டுப் பறவைக்கு ஒரே பிரச்சினைதான், விற்கக் காகிதம் வேண்டும். நிறைய நாடுகளில் வல்லூறு திருடுகிறவனுக்கு உதவுவது பூட்டை உடைக்கும் கம்பி இல்லை, செத்துப்போன பறவையின் பழைய சான்றிதழ். பறவை செத்தால் சான்றிதழைத் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்று விதி வைத்திருப்பது அதனால்தான்.

இப்போது நம் ஊருக்கு வருவோம். நான் பிளஸ் டூ படிக்கும்போது குலசேகரம் பக்கம் ஒரு பையன் ரப்பர் தோட்டத்து மரத்திலிருந்து வைரிக் குஞ்சு ஒன்றை எடுத்து, காலில் கயிறு கட்டி, மீன் செதிலும் குடலும் போட்டு வளர்த்தான். பள்ளிக்கூடத்தில் அவன்தான் ஹீரோ. ஒரு நாள் காலையில் கயிறு மட்டும் கிடந்தது. பக்கத்துத் தெருப் பையன் வீட்டில் பறவை இருந்தது. சண்டை, அடிதடி, பெரியவர்கள் வந்து பஞ்சாயத்து. "எம் பறவையை அவன் களவாண்டான்" என்று இவன் சொல்ல, வயசான ஒருத்தர் கேட்டார், "உனக்கு அது எங்கலே கிடைச்சுது?"

சட்டமும் அதே கேள்வியைத்தான் கேட்கிறது. 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் பொரி வல்லூறு மிகக் கடுமையான பாதுகாப்புள்ள முதல் அட்டவணையில் இருக்கிறது. பிடித்தால், வைத்திருந்தால், விற்றால் மூன்று முதல் ஏழு ஆண்டு சிறை, 2022 திருத்தத்துக்குப் பிறகு அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையாது. வைரியும் பருந்தும்கூடப் பாதுகாக்கப்பட்டவைதான். சட்டத்தை மீறிப் பிடித்த பறவை பிடித்தவனுடையது ஆகாது, மாநில அரசின் சொத்து. அதனால் இந்தியாவில் ஒருவன் "நான் வளர்த்த வல்லூறு திருடு போய்விட்டது" என்று காவல் நிலையத்தில் புகார் கொடுக்கப் போனால், முதலில் உள்ளே போகிறவன் அவனாகத்தான் இருப்பான். யுனெஸ்கோ பட்டியலில் நாம் இல்லாததற்கு நான் புரிந்துகொண்ட காரணமும் இதுதான், இங்கே அந்த வேட்டைக்குச் சட்டப்படி இடமே இல்லை. வெளிநாட்டு இனங்களை வைத்திருப்பவர்களுக்குத் தனி விதி: சைட்டிஸ் பட்டியலில் உள்ளவற்றை அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும் என்று 2024-ல் விதி வந்திருக்கிறது. கிளி, மக்காவ் வளர்க்கிறவர்கள் அதைக் கவனிக்க வேண்டும்.

ஆனால் வல்லூறுகள் இங்கே வராமல் இல்லை. பனிக்காலத்தில் மணக்குடிக் காயல், புத்தளம் உப்பளம், 2022-ல் ராம்சர் என்ற சர்வதேச ஈரநிலப் பட்டியலில் சேர்ந்த சுசீந்திரம் தேரூர்க் குளங்கள் என்று உள்ளான்களும் வாத்துகளும் கூடும் இடங்களுக்குப் பின்னாலேயே பொரி வல்லூறும் வரும். அந்த மாதங்களில் நான் புறாக்களை வெயில் ஏறிய பிறகுதான் திறந்துவிடுவேன். என்றைக்காவது அப்படி ஒரு பறவை அடிபட்டோ களைத்தோ உங்கள் மாடியில் வந்து விழலாம். காலில் வளையமோ முதுகில் சின்னக் கருவியோ இருந்தால் உடனே வளைகுடாப் பணக்காரருடையது என்று கனவு காணவேண்டாம், உளவாளி என்று பயப்படவும் வேண்டாம். பெரும்பாலும் ஆராய்ச்சிக்காரர்கள் மாட்டிவிட்டதாக இருக்கும். நாகாலாந்து, மணிப்பூர் வழியாக ஆப்பிரிக்கா போகும் அமூர் வல்லூறுகளுக்கு அப்படிக் கருவி கட்டி விடுகிறார்கள். தோல் வாரும் கயிறும் இருந்தால் அது யாரோ வளர்த்தது.

எதுவாக இருந்தாலும் செய்ய வேண்டியது ஒன்றுதான். வளையத்து எண்ணைத் தெளிவாகப் படம் எடுங்கள், வளையத்தையும் கருவியையும் வெட்டாதீர்கள். கயிறு தொங்கினால், பறவை மறுபடி எழும்பிப் போனால் சிக்கிக்கொள்ளும் என்பதால் துரத்தாமல், பழைய சேலையோ துண்டோ மேலே போர்த்தி (கண் மறைந்தால் அடங்கிவிடும் என்று சொன்னேனே), காற்றுத் துளை போட்ட அட்டைப்பெட்டியில் வைத்து, நாகர்கோவிலில் உள்ள மாவட்ட வன அலுவலகத்துக்கோ பக்கத்து வனச்சரக அலுவலகத்துக்கோ சொல்லுங்கள். மூக்கைவிடக் கால் நகத்தில்தான் அதிகக் கவனம் வேண்டும். வாயைத் திறந்து தண்ணீர் ஊற்றாதீர்கள். ஆள் வர நேரமாகும் என்றால் உப்போ மசாலாவோ படாத பச்சைக் கோழிக்கறித் துண்டு கொஞ்சம் பெட்டிக்குள் வைக்கலாம், தின்றால் தின்னட்டும். மாமா இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது அம்மாச்சி அவரை ஒரு பார்வை பார்த்தாள். முற்றத்தில் மிச்சக் குஞ்சுகளை அவள் ஏற்கெனவே கூடைக்குள் கவிழ்த்து, மேலே அம்மிக் குழவியைத் தூக்கி வைத்திருந்தாள்.